ஆறு மணி மருந்து

"டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரரைக் கெடுத்தது நீங்கதான்!"

பேச்சி படியேறும்போதே சண்டையோடுதான் ஏறினாள். மட்டாஞ்சேரியில் கைராசிக்காரர் என்று பேரெடுத்த ராமபத்ரன் டாக்டர், மேஜையில் சாக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு இத்தனை கோபம்? இசக்கிமுத்து சாராயத்தை விட்டு மூணு மாசம் ஆச்சே."

"சாராயத்தை விட்டாரு. உங்க தூக்க மருந்தைப் பிடிச்சுக்கிட்டாரு! ஆறு மணியானா இங்க ஓடி வந்திருதாரு. நேத்து எங்கண்ணன் ஊர்லருந்து வந்திருக்கான். 'வாங்க மச்சான்'னு ஒரு வார்த்தை, ஆளைக் காணோம். மருந்தை நிறுத்திருங்க."

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

"குடியை விட்டதும் கை நடுங்கித்து, தூக்கம் வரலை. அதுக்குத்தான் மருந்து. குப்பியை வீட்டுக்குக் குடுத்தா ஒரே மடக்கில் தீர்த்துடுவான்னு இங்கேயே வரச் சொன்னேன். வாரா வாரம் குறைச்சேன். இப்போ நாப்பது நாளா வெறும் சர்க்கரைத் தண்ணி, ரெண்டு சொட்டு இஞ்சிச்சாறு. அவன்கிட்ட மாத்திரம் சொல்லப்டாது, கேட்டயா? தைரியம் போயிடும்."

வழியெல்லாம் பேச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை. கொட்டிவிட்டாள்.

இசக்கிமுத்து அவளைவிடப் பெரிதாகச் சிரித்தான்.

"மொத நாளே தெரியும்ட்டி. சுக்குக் கிடங்குல பகல் பூரா மோந்து மோந்து தரம் பிரிக்கிற மூக்கு இது. இஞ்சித் தண்ணி தெரியாதா?"

"பெறகு எதுக்கு ஓடுதீரு?"

"மருந்துக்குன்னு மொத தடவ போனப்ப அவரு வாயில பிராந்தி வாடை அடிச்சுது. அதுவும் இந்த மூக்குக்குத் தெரிஞ்சுது. சம்சாரம் போனதுலருந்து சாயங்காலமானா அவரும் பாட்டிலைத் திறந்திருவாராம். நான் போயி உக்காந்தா எப்படித் திறப்பாரு? எட்டு மணி வரைக்கும் ஆடுபுலி ஆடுதோம். இப்ப அந்த வாடையே கிடையாது." சட்டென்று அவன் முகம் மாறியது. "நீ மருந்தை நிறுத்தச் சொல்லிட்டு வந்திட்டியா?"

பேச்சி துண்டை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"ஆறாகப் போவுது. இன்னும் என்ன நின்னு பேசிக்கிட்டு? கெளம்பும்!"