எதிர்த்தட்டு

உயிருள்ள ஒரு பெண்ணைத் தராசில் உட்காரவைத்துப் பொன்னுக்கு எதிராக நிறுத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றார் ஹென்றி.

பக்கத்து நகரமான லொங்குய்யிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் அவர். நகர மையத்திலிருந்த பல்கலைக்கழகத்தின் நான்காவது மாடியில் கயலின் முனைவர் பட்டத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எல்லாம் பிரெஞ்சில்.

ஆய்வு பொத்ரோனைப் பற்றியது. சிலுவைப் போர்க் காலத்தில் லெபனான் கரையோரம் இருந்த குறுநிலம். அதன் வாரிசுப் பெண்ணை மணக்க, பீசா நகர வணிகன் ஒருவன் அவள் எடைக்கு எடை பொன் கொடுத்தான் என்று ஒரு பழைய ஏடு சொல்கிறது.

அது நடந்தது என்கிறது கயலின் ஐந்தாம் அத்தியாயம். அந்த அத்தியாயம் விழுந்தால் இன்னும் ஒரு வருடம் எழுத வேண்டும்.

ஹென்றி விடவில்லை. உயிருள்ள உடம்பு அசையும், மூச்சு விடும். பொன் கொடுக்கும் வணிகன் நிலையில்லாத தராசுக்குச் சம்மதிப்பானா? ஏடு எழுதியவன் வணிகனைக் கேலி செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

கயல் தண்ணீர் குடித்தாள்.

பின்வரிசையில், வில்லரே பகுதியில் கயல் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஜெகதீஸ்வரி, மடியில் பொரித்த ரோல்ஸ் தட்டோடு இருந்தார். “உந்தச் சின்ன ஊரைப் படிக்க ஆறு வருசமோ பிள்ளை?” என்று மாதம் ஒருமுறையாவது கேட்பவர்.

“அப்படித் தராசில் நான் உட்கார்ந்திருக்கிறேன்” என்றாள் கயல்.

ஏழு வயதில், நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கோயிலில், அம்மாவின் வேண்டுதலுக்குத் துலாபாரம். ஒரு தட்டில் அவள், எதிர்த்தட்டில் வாழைப்பழம். தராசு ஒரு நொடிகூட நிற்கவில்லை. போதாததற்கு, எதிர்த்தட்டு ஆடி அருகில் வரும்போதெல்லாம் அவள் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றாள். அங்கே குறைந்தது, இங்கே கூடியது.

பூசாரி பார்த்தார். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு சீப்பைத் தூக்கி வைத்தார். கூட்டம் குலவையிட்டது.

“யாரும் எடையைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்ததை ஊர் பார்த்தது. பொத்ரோனிலும் அதற்காகத்தான் தராசு.”

ஹென்றி சிரித்துவிட்டார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார்.

இருபது நிமிடம் வெளியே நிற்க வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது நடுவர் குழு எழுந்து நின்றது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாமாம்.

“பாஸோ?” என்றார் ஜெகதீஸ்வரி.

“பாஸ்தான் ஆன்ட்டி.”

“அப்ப உவருக்கு முதல் குடு. நல்லாத்தான் நோண்டினவர்.”

ஹென்றி இரண்டாவது ரோல்ஸை எடுத்தபடி கேட்டார், அம்மாவின் வேண்டுதல் என்னவென்று. நோயா?

“இல்லை” என்றாள் கயல் பிரெஞ்சில். “ஐந்து வயதுவரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.”