மேலே குணமானது

பிரகாசியின் கணவர் சேவியர் ஈரல் புற்றுநோயில் இறந்த நாற்பத்தோராம் நாள், ஆய்வகத்திலிருந்து அவளை வரச் சொன்னார்கள். சேவியரின் ஈரலில் எடுத்த செல்களைச் செயற்கைக்கோளில் வளர்த்து, புது மருந்தொன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல சேதிம்மா," என்றார் அதிகாரி. "மேலே உங்க வீட்டுக்காரர் செல் எல்லாம் குணமாயிடுச்சு. இன்னும் ஆறு மாசம் வச்சுப் பார்க்க உங்க கையெழுத்து வேணும்."

"எப்போ குணமாச்சு?"

"பிப்ரவரியிலேயே."

சேவியர் இறந்தது ஜூலையில். பிரகாசி எழுந்து நின்றாள்.

"அப்பவே ஏன்யா சொல்லல? அந்த மனுசன் கீழ துடியா துடிச்சாரே!"

"ஆய்வு முடியாம மருந்தை யாருக்கும் கொடுக்கக் கூடாதும்மா. இவரை மாதிரியே செல் கொடுத்த மத்த நாற்பது பேருக்கும் அதே விதிதான்."

"அதுல எத்தன பேர் உயிரோட இருக்காங்க?"

"முப்பத்தொரு பேர்," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மேசையில் அந்த முப்பத்தொரு பேருடைய படிவங்கள் கட்டாக இருந்தன. பிரகாசி அவற்றை அள்ளிக்கொண்டாள். பிடுங்க வந்த கையைத் தட்டிவிட்டு வாசலுக்குப் போய், முதல் படிவத்திலிருந்த எண்ணை அழைத்தாள்.

"அக்கா, உங்க ஆளுக்கான மருந்த இங்க பூட்டி வச்சிருக்காங்க. அவரத் தூக்கிட்டாவது வந்துருங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கேன்."

பிறகு அடுத்த படிவத்தை எடுத்தாள்.