இரண்டாவது எழுத்து

“என் பையன் என்ன ஊமையா, மிஸ்?”

வகுப்பறை வாசலில் நின்று கேட்டவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிச் சொல்லி, மைக் இல்லாத இடத்திலும் அவள் குரல் கடைசி பெஞ்சு வரை போகும்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, பிள்ளைகள் எழுத்து உருட்டுவதற்காகப் பிசைந்துகொண்டிருந்த மாவைத் தட்டில் வைத்தாள்.

“ஊமையா? அவனை ‘லவுட் ஸ்பீக்கர்’னுதாங்க இங்க எல்லாரும் கூப்பிடறாங்க.”

“அப்புறம் ஏன் அவனுக்கு மட்டும் தினமும் பேசாத எழுத்து?”

மறுநாள் பெற்றோர் தினம். ஆங்கிலத்தில் இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தால் எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளே மேடையில் செய்துகாட்டப் போகிறார்கள். எழுத்தட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு உயிரெழுத்தும் கைகோத்து, காலோடு காலை ரிப்பனால் கட்டிக்கொண்டு நொண்டி வரவேண்டும். முதல் எழுத்து தன் பெயரைச் சத்தமாகச் சொல்லும். இரண்டாவது எழுத்து வாயில் விரலை வைத்துக்கொண்டு கப்சிப். பிறகு மொத்த வகுப்பும் வார்த்தையைப் படிக்கும். இதற்கு அடங்காத வார்த்தைகளும் உண்டு. அந்த வம்பை ஆசிரியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்திருந்தாள்.

அம்மாக்காரி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

“திங்கட்கிழமை ‘போட்’. இவன் ஏ. பேசலை. செவ்வாய்க்கிழமை ‘ரெயின்’. இவன் ஐ. பேசலை. புதன்கிழமை ‘லீஃப்’. மறுபடியும் ஏ. பேசலை.”

தாமதமாக வரும் வண்டிகளின் பட்டியலை வாசிப்பது போலத்தான் இருந்தது.

“ஸ்டேஷன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், பையன் மேடையில பேசப் போறான்னு. நாளைக்கு பதினோரு பேர் லீவு போட்டுட்டு வர்றாங்க. இவன் வாயில விரலை வெச்சுக்கிட்டு நிக்கறதைப் பார்க்கவா?”

“பதினோரு பேர் வந்துட்டா வண்டியெல்லாம்?”

“அது தானா வரும். நீங்க பேச்சை மாத்தாதீங்க.”

ஆசிரியை தயங்கினாள். “அதுக்கு ஒரு காரணம் இருக்குங்க.”

“என்ன காரணம்?”

“சொல்ல முடியாதுங்க.”

“நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? அந்தத் தையல்காரர் பொண்ணுக்கு மட்டும் தினமும் முதல் எழுத்து. நாளைக்குப் பிள்ளைங்க போடற டிரஸ்ஸெல்லாம் அவங்கப்பா சும்மாவே தெச்சுக் கொடுத்தாராமே.”

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. லவுட் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவன் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“பாருங்க, பிள்ளையை எப்படி மிரட்டி வெச்சிருக்கீங்க.”

“சரிங்க. மாத்தியே பார்த்துடலாம்.”

அன்றைக்கு மறுபடியும் ‘ரெயின்’. ‘ஆர்’ ஒரு பக்கம் நின்றான். ‘என்’ இன்னொரு பக்கம் உட்கார்ந்து தன் அட்டையின் மூலையைத் தின்றுகொண்டிருந்தான். நடுவில் ‘ஏ’ அட்டையோடு லவுட் ஸ்பீக்கர், ‘ஐ’ அட்டையோடு தையல்காரர் மகள். ரிப்பன் கட்டியாயிற்று.

அம்மாக்காரி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். “நல்லா அடிவயித்துலேருந்து சொல்லுடா.”

“ஏஏஏ.”

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றுபோனது. ‘ஆர்’ இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். தையல்காரர் மகள் பதறித் துள்ள, கால்கள் கட்டியிருந்ததால் இரண்டு உயிரெழுத்தும் சேர்ந்து மாவுத் தட்டில் விழுந்தன. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததில் வார்த்தையைப் படிக்க யாருக்கும் ஞாபகமில்லை.

“இது குரல்,” என்றாள் அம்மாக்காரி. “இப்ப அந்தப் பொண்ணு சொல்லட்டும். நீங்களே கேட்டுப் பாருங்க.”

அட்டைகள் மாறின. ‘ஏ’ அட்டையோடு அந்தப் பெண் நின்றாள். நெற்றியில் மாவு. உதடு மட்டும் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை.

“சத்தமா சொல்லும்மா,” என்றாள் அம்மாக்காரி பிளாட்பாரக் குரலில்.

அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் முட்ட, ரிப்பனிலிருந்து காலை உருவிக்கொண்டு அந்தப் பெண் ஆசிரியையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

“பார்த்தீங்களா? வாயே திறக்கலை. இதுக்கா முதல் எழுத்து?”

லவுட் ஸ்பீக்கர் காலில் தொங்கும் ரிப்பனோடு ஓடிவந்தான். அம்மாவின் கைப்பையைப் பிடித்து இழுத்து, அவள் குனிந்ததும் காதில் கிசுகிசுத்தான். பிறந்ததிலிருந்து அவன் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

“கத்தாதம்மா. அவ இந்த ஸ்கூல்ல சேர்ந்து மூணு மாசமா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. போன திங்கட்கிழமைதான் முதல் தடவையா பேசினா. நாளைக்கு அவ பேசறதைக் கேக்க அவங்கப்பா வர்றாரு.”

“அதுக்கு நீ ஏன்டா வாயை மூடிக்கிட்டு நிக்கணும்?”

“நான் சத்தம் போட்டா அவளுக்குப் பயம்மா. நான் வாயைப் பொத்திக்கிட்டு கையைப் பிடிச்சாதான் அவ பேசறா. தெரிஞ்சா வெட்கப்படுவா, சொல்லக் கூடாதுன்னு மிஸ்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். அந்த ரெண்டாவது எழுத்தை நான்தாம்மா கேட்டு வாங்கினேன்.”