ஒரு நிமிடத்துக்கு எத்தனை

குணசீலன் வாட்ச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்து, இரண்டு முறை மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தான்.

"வெயிட்டு கம்மியா இருக்கே?"

கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். விஷயம் தெரிந்தவன் போலிருக்கிறது.

விஷயம் ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவனுக்கு. போன வாரம் இரண்டாவது மாடி வார்டில், "உங்களுக்கு வாட்ச் பாத்து வாங்கத் தெரியுமா?" என்று பூங்கோதை கேட்டபோது, "நல்லாத் தெரியுமே சிஸ்டர்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். டூப்ளிகேட் வாட்ச்சில் நல்லது எது, மட்டமானது எது என்று யார் யாரோ முகம் தெரியாதவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவள் நர்ஸ். அதனால் எல்லோருக்கும் சிஸ்டர். அவனுக்கும் வேறு வழியில்லை.

ஆனால் வார்டில் அத்தனை பேரும் அவனைக் 'குணசீலண்ணா' என்று கூப்பிட, அவள் மட்டும் இதுவரை ஒருமுறைகூட அண்ணா போட்டதில்லை. அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றரை வருஷமாக நடமாடுகிறான்.

நாளை அவள் தாம்பரம் பக்கம் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். புது வேலைக்குப் புது வாட்ச்.

அவனுக்கு மிச்சமிருந்தது, அவள் பக்கத்தில் நிற்கிற இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அதனால் ஒன்றையும் விடவில்லை. டயலில் கம்பெனிப் பெயரின் எழுத்துகள் கோணாமல் நிற்கின்றனவா என்று பார்த்தான். தேதிக்கு மேலிருந்த குண்டுக் கண்ணாடி எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறதா என்று பார்த்தான். பின்மூடியை நகத்தால் தடவினான். இரண்டு கையாலும் பொத்தி இருட்டாக்கி, ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்தான். முட்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

"நொடிமுள்ளு துள்ளக் கூடாது சிஸ்டர். வழுக்கிட்டுப் போகணும். அதான் நல்ல காப்பி."

கடைக்காரம்மா அந்த வாட்ச்சை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தார்.

"வெவரமான ஆளுதான்பா நீ. இந்தா, ஃபர்ஸ்ட் காப்பி. கம்பெனிக்காரனே வந்தாலும் முழிச்சிக்கினு நிப்பான்."

அவனுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

பூங்கோதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. டைம் சரியாக் காட்டுமா?"

எந்த வீடியோவிலும் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

"நான் நாடி பாக்கணும்ல. ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷமா இருக்கணும். கையக் குடுங்க."

கொடுத்தான்.

வாட்ச்சைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். அவன் மணிக்கட்டில் மூன்று விரல்களைப் பதித்தாள். அவள் கண் முழுக்க நொடிமுள்ளில். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

எதிரே பீச் ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்று, புறப்பட்டுப் போனது.

"நூத்தி எட்டு."

புருவத்தைச் சுருக்கினாள். "எழுபது, எண்பதுதானே இருக்கணும்?" புறங்கையால் அவன் நெற்றியைத் தொட்டாள். "காய்ச்சலும் இல்ல. அப்ப வாட்ச்தான் ஸ்லோ."

முள் மெதுவாகச் சுற்றினால் ஒரு சுற்றுக்குள் துடிப்பு அதிகம் விழும். கணக்கு சரிதான். அவன் பலமாகத் தலையாட்டினான்.

"ஆமா சிஸ்டர். மட்டமான மெஷின்."

இரண்டாவது வாட்ச்.

நூற்றுப் பதினாறு. நெற்றியைத் தொட்டிருக்கக் கூடாது.

"இதுவும் ஸ்லோ" என்றாள்.

கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ? முப்பது வருசமா கடை வச்சிக்கினு இருக்கேன். ஸ்லோவா ஓடுதுன்னு ஒருத்தர் வந்து நின்னதில்ல. இந்தா, என் கையப் புடி!"

பிடித்தாள். அதே வாட்ச். அதே மூன்று விரல்.

எழுபத்திரண்டு.

கடைக்காரம்மா அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கோபம் இருந்த இடத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஊறி, முகமெல்லாம் பரவியது.

"வாட்ச்சு கரெக்டாத்தான் ஓடுது கண்ணு. கோளாறு வேற எடத்துல."

அவனுக்குக் காது மடல் சுட்டது. ஒன்றரை வருஷம் ஒளித்து வைத்ததை ஒரு நொடிமுள் இரண்டே சுற்றில் போட்டு உடைத்துவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல், தூரத்தில் துறைமுகத்து கிரேன்களைப் பார்த்தான். மொத்தம் நான்கு.

பூங்கோதை டயலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது இருக்கட்டும்," கடைக்காரம்மா விடுவதாக இல்லை. "டைம் சரியான்னு பாக்க எதுக்கும்மா இம்மாம் பாடு? போனைக் கையிலயே வச்சிக்கினு இருக்க. அதுல பாத்தா தெரியாதா?"

அப்போதுதான் அவனும் பார்த்தான்.

அவள் இடது கையில் போன். கொட்டை எழுத்தில் மணி. வந்ததிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பூங்கோதை நிமிரவில்லை. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். கன்னத்தில் விழுந்த குழியை மட்டும் அவளால் மூட முடியவில்லை.

"வேற மாடல் காட்டுங்கக்கா."

கடைக்காரம்மா டப்பாவைக் கவிழ்த்து, இருந்ததையெல்லாம் கண்ணாடி மேல் வரிசையாகப் பரப்பினார்.

பதினொரு வாட்ச்.

இந்த முறை அவள் கேட்பதற்கு முன்பே அவன் கையை நீட்டினான்.