பார்ட்டி கேட்ட வீடு

மரக்காணம் உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற சவரிநாதன், வீட்டை விற்றுவிட்டுப் பாண்டிச்சேரியில் மகனோடு போய் இருந்துவிடுவது என்று முடிவெடுத்தார். மனைவி பிலோமினா மறுபேச்சே பேசவில்லை. புரோக்கரைக்கூட அவளே போனில் பிடித்தாள்.

"பார்ட்டி ரெடியாம்ங்க. பாத்ரூமுக்கு டைல்ஸ் மட்டும் போட்டுத் தரணுமாம்."

"இருபத்தெட்டு வருஷமா நீ கேட்டே நான் போடல. எவனோ கேக்கறான்னு போடணுமா?"

"சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்னீங்க. இப்பதான் உங்களுக்கு சீசனே இல்லியே. போட்டா நல்ல விலைக்குப் போகும்ங்க."

விலை என்றதும் போட்டார்.

அடுத்த வாரம், உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளை மாற்றச் சொன்னது பார்ட்டி. மாற்றினார். அப்புறம் சமையல் மேடையை இடித்துவிட்டு, அரை அடி தாழ்வாக கிரானைட் மேடை கட்டச் சொன்னது.

"அரை அடி இன்னாத்துக்கு?"

"பார்ட்டி வீட்டம்மா குள்ளமாம்."

"குள்ளச்சியக் கட்டிக்கினு நம்ம உசுர வாங்கறான்!" என்று திட்டிக்கொண்டே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்த அன்று சமையலறையை எட்டிப் பார்த்தார். பிலோமினா மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏறி நின்று சமைத்த மரப்பலகை மூலையில் சாத்தியிருந்தது. புது மேடை அவள் இடுப்புக்குக் கச்சிதமாக இருந்தது.

சவரிநாதன் அந்தப் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பார்ட்டி... எப்ப வருதாம்?"

"பார்ட்டிக்கு வீடு ரொம்பப் புடிச்சிருக்குங்க," என்றாள் பிலோமினா, கரண்டியை நக்கி உப்புப் பார்த்தபடி. "காலி பண்ண மாட்டாளாம்."