மூடி மேல் நாற்காலி

நாற்றம் லிஃப்ட் வரைக்கும் வந்துவிட்டது. ஃபெசிலிட்டி மேனேஜர் இருதயராஜோ, கழிவுநீர்த் தொட்டியின் மூடி மேலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

யாரோ அதை போட்டோ எடுத்து, 'நம்ம மேனேஜர் ரொம்ப பிஸி' என்று அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். சிரிப்பு பொம்மைகளுக்குக் கேட்கவா வேண்டும்?

செகரட்டரி ஸ்ரீநாத் வேகமாக இறங்கி வந்தார். பட்டாபிராமுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஐ.டி. ஆசாமி. சாயங்காலம் கீழ்த்தள ஹாலில் அவர் மகளுக்குப் பிறந்தநாள்.

“என்ன மிஸ்டர், காத்து வாங்கறீங்களா?”

“கழிவு உறிஞ்சற லாரி வந்துகினு கீது சார். திருநின்றவூர்கிட்ட பஞ்சராம்.”

“அது வர்றதுக்குள்ள ஹால்ல சாக்கடை ஏறிடும். அதான் தங்கராஜ் உள்ள இறங்கறேங்கறாரே!”

வாளியும் கயிறுமாக நின்றிருந்தார் தங்கராஜ். துப்புரவு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர். அவருக்கும் எரிச்சல்தான்.

“எய்ந்திரு அண்ணாத்தே. அடைப்ப எடுத்துவுட்டா முடிஞ்சுது. சார் தனியா கவனிக்கறேன்றாரு. எம் பொயப்புல ஏன் மண்ணப் போடறே?”

“வாளிய வெச்சிட்டு அப்பால போ. நீ இறங்குனே, நாளைலேர்ந்து இங்க வேலைக்கே வராதே.”

“பார்த்தீங்களா மேடம்?” ஸ்ரீநாத், அருகில் நின்ற ராஜகுமாரியிடம் திரும்பினார். கட்டடம் எழும்பிய நாளிலிருந்து குடியிருப்பவர், முன்னாள் செகரட்டரி. “தானும் செய்ய மாட்டார், செய்யறவனையும் விட மாட்டார்.”

ராஜகுமாரி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். “லாரியே வரட்டுமே ஸ்ரீநாத்.”

ஸ்ரீநாத்துக்கு அது ஏறவில்லை. கையில் பதவி இருந்தால் சிலருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

“இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“ஆவடி - பூந்தமல்லி ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தேன் சார்.”

“படிப்பு?”

“ஒம்போதாவது.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“அதானே பார்த்தேன். ஷேர் ஆட்டோலேர்ந்து நேரா மேனேஜர் நாற்காலி! எவன் சிபாரிசுல உள்ள வந்தீங்க? இப்ப எழுந்திருக்கலைன்னா, இன்னையோட வேலை போச்சு.”

இருதயராஜின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. எழுந்திருக்கவில்லை.

“மேடம்தான் சார் வேலை போட்டுக் குடுத்தாங்க.”

“நீங்களா மேடம்? இந்த ஆளை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ராஜகுமாரி லிஃப்ட் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

இருதயராஜே சொன்னார்.

“என் தம்பி டேனி இங்க பிளம்பரா இருந்தான் சார். இதே மாதிரி லாரி லேட்டாவுதுன்னு மேடம் அவன இதுக்குள்ள இறக்குனாங்க. பொணமாத்தான் தூக்குனோம். கேஸு கீஸுன்னு போவாம இருக்கறதுக்கு இந்த வேலைய எனக்குக் குடுத்தாங்க. நானும் வாங்கிக்கினேன் சார்.”