நூற்றைம்பத்தாறு சனிக்கிழமைகள்

“அப்பா, இனிமே நாலு வாரத்துக்கு ஒரு தடவை வரட்டுமா? சனிக்கிழமை பேஸ்கட்பால் பிராக்டிஸ் வெச்சுட்டாங்க.”

மகள் இதை அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. மேஜைமேல் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டாள்.

அவனும் திரையையே பார்த்தான். அவனும் மனைவியும் பிரிந்தபோது கோர்ட் செய்துகொடுத்த ஏற்பாடு அதில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மகள் அப்பாவிடம் வருவாள், பதினெட்டு வயது ஆகும்வரை. போன முறை வந்த அன்றுதான் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. மறுநாளே உட்கார்ந்து, மிச்சமுள்ள சனிக்கிழமைகளை எல்லாம் எக்செல்லில் இறக்கிவிட்டான். இன்றையதையும் சேர்த்து நூற்றைம்பத்தாறு வரி.

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு அதுதான் பிழைப்பு. எந்த லிஃப்டுக்கு அடுத்த சர்வீஸ் எப்போது என்று தேதியோடு நாளைக் கூட்டிக் கூட்டியே தலை நரைத்துவிட்டது. நாள் கணக்கை ஃபார்முலாவுக்குள் எழுதவே மாட்டான். மேலே தனிக் கட்டத்தில் வைப்பான். அதை மாற்றினால் மொத்தமும் மாறும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டிலும் காட்டியிருந்தான்.

அதற்கென்ன, தாராளமாக என்று வாய் சொல்லிவிட்டது. மேல் கட்டத்தில் இருந்த பதினாலை அழித்து இருபத்தெட்டு என்று தட்டினான்.

ஒரு நொடிதான். அத்தனை சனிக்கிழமைகளும் விலகி விலகி உட்கார்ந்தன.

கடைசி வரிக்குப் போனான். அங்கே மகளுக்கு இருபத்துமூன்று வயது.

நூற்றைம்பத்தாறில் ஒன்றுகூடக் குறையவில்லை. தள்ளித்தான் போயிருந்தன. இது அபத்தம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அற்ப சந்தோஷம் விடவில்லை. வேலைக்குப் போகிற மகள், எந்தக் கோர்ட்டும் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை காலையில் வந்து செருப்பை இதே மூலையில் உதறுவாள். கண் கலங்கிவிட்டது. அசடு வழியத் துடைத்துக்கொண்டான்.

மகள் மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காரியத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள். ஒரு பிசகு இருந்தால் பொறுக்காது. மெதுவாக மேலே வந்தாள். தன் பதினெட்டாவது பிறந்தநாளைத் தாண்டிய முதல் தேதியில் நின்றாள். அங்கிருந்து அடிவரைக்கும் தேர்ந்தெடுத்தாள்.

“இதெல்லாம் தப்பா வந்திருக்குப்பா,” என்று சொல்லி அழித்தாள்.

“ஆமாடா, நான் கவனிக்கல,” என்றான் அவன்.